மறிக்கவோ

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு அடிக்கும்.
கச்சான் காயப்போட்ட படங்கில் மயில் இறங்குகிற நேரமும் அதுதான்.
இரண்டில் ஒன்றைத்தான் கலைக்கலாம்.

முதலில் சிங்களத்தில் ஒரு பெண்.
நான் பேசாமல் நிற்க
தமிழுக்கு மாறினாள், ஈரப்படி இறங்குகிறவள்போல.
ஆயுள் காப்புறுதி.
வயது கேட்டாள். ஐம்பத்திரண்டு.
உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்றாள்.
மயிலுக்கு என்றேன்.
அவளுடைய தாளில் அதற்கு வரி இல்லைப்போல,
மறுபடி வயது கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை லொத்தர்.
எனக்கு ஒரு கார் விழுந்திருக்காம். வெள்ளை.
துறைமுகத்தில் நிற்கிறதாம். வரிக்கு மட்டும்
ஐயாயிரத்துக்கு ரீலோட் காட் வாங்கி, சுரண்டி,
நம்பரை வாசிக்க வேணுமாம்.
பொறு தம்பி, கண்ணாடி எடுக்கிறன் என்று
பிறிச்சுக்கு மேலே ரிசீவரைக் கவிழ்த்துவிட்டு
கிணற்றடிக்குப் போய் இரண்டு சீலை அலம்பி
கொடியில் போட்டு
வந்து பார்த்தால், நிற்கிறான்!
"அம்மா, கண்ணாடி கிடைச்சுதா?"
இந்தப் பொறுமைக்கு
ஏதாவதொரு கந்தோரில் அவனுக்கு வேலை கொடுத்திருக்கலாம்.

பிறகு சுங்கத்தில் சிக்கிய பார்சல்,
வங்கியில் பூட்டுப்பட்ட கணக்கு, முழங்கால் நோவுக்கு எண்ணெய்.
விசுவமடுவில் இருக்கிற என்னை
இத்தனை பேருக்குத் தெரியும் என்று
என் மனுசன் அரியரத்தினத்துக்கே தெரியாது.
"உன்ர நம்பர் இவங்களுக்கு எங்கால கிடைச்சது?"

எழுதிக் கொடுத்த இடங்களை எண்ணிப் பார்த்தேன்.
நீலத்தாள் ஒன்று. வெள்ளைத்தாள் நாலு.
கச்சேரியில் மூன்று பிரதி.
மண்டபத்தில் வரிசையாக இருந்து விசாரித்தவர்களுக்கு இரண்டு.
கூடாரத்துக்குள் நான் சொல்லச்சொல்ல
ஒரு பிள்ளை மடிக்கணினியில் தட்டியது.
பதினொன்று.
எல்லாவற்றிலும் தம்பியின் பெயர், சுகிர்தன்,
கடைசியாகக் கண்ட இடம்,
உடுத்திருந்த சாரத்தின் நிறம்,
தொடர்புக்கு இந்த நம்பர்.
ஏழு ஏழாகவே தெரியவேணும், ஒன்றோடு மாறக்கூடாது என்று
பேனையை அழுத்தி, உறுப்பாக எழுதினேன்.
அங்கிருந்து ஒருத்தரும் எடுக்கவில்லை.
எடுக்கிறவர்கள் இவர்கள்.

மாசியில் ஒருத்தன், இரவு ஒன்பதுக்கு.
"உங்கட ஆள் ஒரு இடத்தில இருக்கிறார்.
இடம் சொல்ல ஏலாது.
இருபத்தையாயிரம் போட்டால் கதைக்க விடலாம்."
எனக்குத் தெரியும்.
சொல்லிவிடுகிறேன், முதல் சொல்லிலேயே தெரியும்.
கார்க்காரனின் அதே மூச்சு, அதே தாள்,
வேறொரு பந்தி.
வைத்திருக்க வேணும். வைக்காமல் கேட்டேன்:
சாப்பிடுறவனோ?

பின்னால் மின்விசிறி ஒன்று கடகடத்தது.
யாரோ இருமினார்கள்.
பிறகு, கொஞ்சம் மெதுவாக,
"ஓம்... சாப்பிடுறார்."
என்னோட?
"பருப்பெண்டால் ரெண்டாந்தரமும் கேட்பார்."
எந்த வீட்டுத் தம்பிக்கும் பொருந்துகிற பதில்.
கெட்டிக்காரன்.
நித்திரை கொள்ளுறவனோ என்றும் கேட்டேன்.
காலில பழைய காயம் ஆறிட்டுதோ,
தலைமயிர் நரைச்சிட்டுதோ.
காசைப் பற்றி அவன் மறுபடி கேட்கவேயில்லை.
நான் போடவும் இல்லை.
ஆனால் அன்றைக்குப் போனை முதலில் வைத்தது
நான் இல்லை, அவன்.

பங்குனி வெயிலில் பற்றரி ஊதி மூடி கழன்றது.
வயர் இல்லாத போன், அதைத் தூக்கிக்கொண்டு
புதுக்குடியிருப்புக் கடைக்குப் போனேன்.
பெடியன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதை இன்னும் வச்சிருக்கிறியளோ அன்ரி?
தெரியாத நம்பர் எல்லாம் மறிச்சு விடவோ?
காசில்லை, ரெண்டு பட்டன்தான்."
தெரிஞ்ச ஆக்கள் கைப்போனுக்கு எடுக்கினம் தம்பி என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
பற்றரியை மட்டும் மாத்து.

ஆயிரத்து எண்ணூறு.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
உடையார்கட்டு தாண்ட அடித்தது.
பக்கத்து சீற்றுக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.
கார் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறதாம்.