குறுக்குக் கோடு இல்லாத ஏழு

அரிகாவில் மழை பெய்வதில்லை.
எங்கள் துணைத் தூதரகக் கூரையில்
தண்ணீர் வடிய வழியே வைக்கவில்லை கட்டியவர்.
மாடியில் பொலிவியக் கொடி. கீழே நான்.
கதவில் பித்தளைப் பலகை: வணிகப் பிரிவு.
பிரிவு என்றால்
நானும் ஓர் அச்சு இயந்திரமும்.

பள்ளியில் மார்ச் மாதம்தோறும்
பறிபோன கடலுக்காக அணிவகுத்து நடந்தவள் நான்.
இப்போது அண்டை நாட்டுத் துறைமுகத்தில்
சன்னலோரம் உட்கார்ந்து
அதே கடலில் எங்கள் கொள்கலன் எத்தனை ஏறிற்று என்று
கட்டம் போட்டு எண்ணுகிறேன்.
தலைநகரங்கள் ஒன்றுக்கொன்று
தூதரை அனுப்பி வெகுகாலம்.
சம்பந்திகள் பேசிக்கொள்ளாத வீடுகளுக்கு நடுவே
தீப்பெட்டி கேட்டுப் போய்வரும் பிள்ளை மாதிரி
என் உத்தியோகம்.

போன மாதம் வணிகர் சந்திப்பு நடத்தினோம்.
இருபது நாற்காலி, பதினேழு பேர்.
கைகுலுக்கும் படம்
இரு நாட்டு நாளிதழிலும் வந்தது.
ஒரே படம்தான்;
அவரவர் ஆள் நடுவில் வரும்படி வெட்டியிருந்தார்கள்.

செவ்வாய் காலை தொலைபேசி.
மேலே, சுங்காரா சாவடியிலிருந்து
சரக்குந்து ஓட்டுநர் எலியோதோரோ.
சான்டா குரூஸ் வெள்ளை எள், இருபத்து நான்கு டன்.
ஜப்பானுக்கு. வியாழன் இரவு கப்பல்.
கொள்கலன் பூட்டில் முத்திரை எண்
ஏழில் முடிகிறது.
தாளில் ஒன்றில் முடிகிறது.
கிடங்கில் எவனோ குறுக்குக் கோடு இழுக்க மறந்த ஏழு.

"மூன்று இரவு வண்டிக்குள்ளேயே படுத்தேன், அம்மா."
"தலை வலிக்கிறதா?"
"தலை கிடக்கட்டும். பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது."

எள்ளு காயுது எண்ணெய்க்கு,
எலிப்புழுக்கை எதற்குக் காயுது?
அந்தப் புழுக்கை இருக்கிறதா என்றுதான்
ஆய்வாளர்கள் மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்கள்.
இல்லை, சுத்தம் என்று சான்றும் கொடுத்துவிட்டார்கள்.
ஆகக் காரணமில்லாமல் காய்வது
எலியோதோரோ ஒருவன்தான்.
அவனுக்குக் கூலி நடைக்கு; நாளுக்கு இல்லை.

ஏற்றுமதியாளரை எழுப்பி
திருத்தக் கடிதம் வாங்கி
மொழிந்து, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன்.
நகல் செல்லாது என்றார்கள்.
அசலை மடியில் வைத்துக்கொண்டு
கடல்மட்டத்திலிருந்து
நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறினேன்.
புத்ரே தாண்டியதும்
மூச்சு கடன் கேட்டது.

சுங்க அதிகாரி யோலாண்டா உமிரே
உருப்பெருக்கியை எடுத்தாள்.
அவள் தலைக்கு மேல் வரைபடம்:
என் பள்ளிப் புத்தகத்தில் ஒரு நிறமாக இருந்த கரை
இங்கே வேறு நிறம்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
இருவரும் எண்ணுக்குத் திரும்பினோம்.

"முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறீர்கள்."

உண்மைதான். எங்கள் நாட்டு இலச்சினை
கால் மேலே, தலை கீழே.
இருநூறு கிலோமீட்டர் திரும்பிப் போகவேண்டுமா?
அவள் கடிதத்தைத் திருப்பி வைத்தாள்.
இப்போது இலச்சினை நேர்;
எழுத்துகள்தான் தலைகீழ்.
"அதைத்தான் நேற்று மனப்பாடம் செய்துவிட்டேனே"
என்று கையெழுத்துப் போட்டாள்.
சச்சகோமா இலை போட்ட வெந்நீர் ஒரு குவளை நீட்டினாள்.
என் பாட்டன் ஊர் பெயரைக் கேட்டாள்.
சொன்னேன்.
அவள் அத்தை அங்கே வாழ்க்கைப்பட்டவளாம்.
அதற்கு மேல் பேசவில்லை; வரிசையில் இன்னும் நாற்பது வண்டி.

எலியோதோரோவின் பேட்டரிக்கு
எங்கள் தூதரக வாகனம்தான் உயிர் கொடுத்தது.
இதற்கான படிவம் இன்னும் தேடுகிறேன்.

வியாழன் இரவு
கடல் கொந்தளித்துத் துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
கப்பல் சனிக்கிழமை போகும்.
இவ்வளவு ஓட்டத்துக்கும்
கடைசியில் காத்திருந்தது
யாருடையது என்று நாங்கள் சண்டையிடும் அந்தக் கடல்தான்.

மாத அறிக்கை எழுதுகிறேன்.
தீர்த்துவைத்த சிக்கல்கள்: 1.
பேனா கொஞ்சம் சறுக்கி
மேலே ஒரு சின்ன மூக்கு விழுந்துவிட்டது.
லா பாஸில் யாராவது
ஏழு என்று வாசித்தால்
நான் மறுக்கப்போவதில்லை.