இரண்டு எல்போ கூடுதலாக

கொக்குவிலில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில்
வோஷிங் மெஷின் பூட்ட வந்தவர் யூட் மரியதாஸ்.
கழிவுக் குழாயை நேரே றோட்டு வாய்க்காலுக்கு விடத்தான்
அளந்துகொண்டு நின்றார்.
"பின்னுக்கு வாழைக்கு விடுங்கோ" என்றேன்.
"அதுக்கு இன்னும் பதினெட்டு அடி எஸ்லோன் பைப்,
ரெண்டு எல்போ கூட வேணும் அக்கா.
காசு வரும்."
வரட்டும்.

என் முகத்தைப் பார்த்தார்.
கருத்தரங்குகளுக்குப் போகிற ஆள் என்று நினைத்திருப்பார்.
பச்சை எழுத்தில் ஏதோ அச்சடித்த துணிப்பை
கதவில் கொளுவிக் கிடந்ததுதான்.
அது சும்மா தந்த பை.
உள்ளே வெங்காயம்.

அவருக்கு நான் சொல்லாதது:
ஏழாலையில் ஐந்து வீட்டுக்கு ஒரு பங்குக் கிணறு.
திங்கள் எங்களுடைய முறை.
எனக்கு ஒன்பது வயது.
ஐயா மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்து
கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு
அடிக்கிற மெஷினுக்கு வாஷர் தேடிப் போனார்.
நான் ஒரு செம்பகத்தைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.
காலில் ஏதோ இடறியது.
சத்தம்கூடப் பெரிதாக இல்லை.
ஈரக் கட்டில் பட்டதும் பாலாய் வெளுத்து
ஒரு கோடு,
பிறகு உள்ளே.

ஆரும் அடிக்கவில்லை.
அதுதான் இன்னும் நோகிறது.
ஐந்து வீட்டுப் பெண்களும் சைக்கிள் கரியரில் கான்களைக் கட்டிக்கொண்டு
கோயிலடிக் கிணற்றுக்குப் போனார்கள்,
முப்பத்தொரு நாள்.
தவமலர் மாமி வயிற்றுப்பிள்ளையோடு போனா.
என்னைக் கண்டால் சிரிப்பா.
அந்தச் சிரிப்புக்குப் பதிலாக
ஒரு பூவரசந்தடி போதுமாயிருந்திருக்கும்.

கிணறு இறைக்க இரவல் மெஷின் வந்தது.
இறைத்ததை எங்கே விடுவதென்று
ஆட்கள் வரம்பில் நின்று வெகுநேரம் கதைத்தார்கள்.
மேற்கே விட்டால் சின்னராசா வீட்டுக் கிணறு.
கிழக்கே விட்டால் பள்ளிக்கூடத்துக் கிணறு.
கொண்டுபோய்க் கடலில் சேர்க்க ஓர் ஆறும் இல்லாத ஊர்.
"எங்கை ஊத்தினாலும் கீழைதானே போகுது."
ஐயா அதை மண்வெட்டியிடம்தான் சொன்னார்.
சுண்ணாம்புக் கல்லுக்கு உள்ளே
எல்லா வீடும் ஒரே வீடு.
'வெளியே' என்று ஓர் இடம் இல்லை.
அதற்கான பெரிய சொற்கள் பிறகு வந்தன,
பவர்பொயின்றில்,
தேநீர் இடைவேளையோடு.

ஆகவே
மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு.
அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு.
செத்த பற்றரிகளை எறிய மனமில்லாமல்
ஹோர்லிக்ஸ் போத்தலில் சேர்க்கிறேன்.
நாலு போத்தல் நிறைந்துவிட்டது.
எங்கே கொடுப்பதென்று இன்னும் தெரியாது.
"தண்ணி விசர்" என்கிறார் இவர்.
அலுவலகத்தில் யாரோ "நல்ல பழக்கம்" என்று புகழ்ந்தபோது
கூசியது.
நல்லதனம் இல்லை இது.
குழாயைத் திறக்கும்போதெல்லாம்
அந்த ஒன்பது வயதுக் கால்
இன்னொருமுறை இடறுகிறது.

அந்த நாட்கள் திரும்ப வேண்டாம்.
வாளிக்கயிறு கிழித்த உள்ளங்கை வேண்டாம்.
மெஷின் நல்லது.
ஓடட்டும்.

யூட் பசை பூசிக் கடைசித் துண்டையும் பொருத்தினார்.
வாழையடியில் குந்தி
ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசித்தார்.
"சவர்க்காரத் தூளைக் குறைச்சுப் போடுங்கோ அக்கா.
இதுக்குக் கீழை பதினைஞ்சு அடியிலை தண்ணி.
எங்கடை வீடு அங்காலை, நாலாவது வளவு.
நாங்கள் குடிக்கிறது கிணத்துத் தண்ணிதான்."

வாழை வரைக்கும்தான் நான் யோசித்திருந்தேன்.

எல்போ இரண்டுக்கும் காசை எண்ணி வாங்கினார்.
மிச்சம் வந்த அரை அடிப் பைப்பை
எறியப் போகிறாரோ என்று பார்த்தேன்.
ஊதித் தூசி தட்டி
தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.