படியில் நிற்கிற மூச்சு

மாட்டுத்தாவணிக்கும் மேலூருக்கும் நடுவே
இருபத்தாறு வருசம் கத்தின கத்து:
படியில நிக்காதீங்க, உள்ள போங்க,
உள்ள எடம் கெடக்கு.
இப்போது அதையே காற்றிடம் சொல்கிறேன்.
அது படியிலேயே தொங்குகிறது.

முதுகில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டரம்மா
பள்ளிக்கூடப் பையின் ஒட்டுப்பட்டியைப்
பிரிப்பதுபோல் சத்தம் என்றார்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
அடிப்பக்கம் தேன்கூடாகிவிட்டது என்றார்.
தேன் இருக்கா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வடு. புண் ஆறின இடம் தடித்துப்போகுமே, அது.
புண் எப்பப் பட்டுச்சு?
தெரியாது.

பீடி குடித்ததில்லை. கல் உடைத்ததில்லை.
நாலுவழிச்சாலை போட்டபோது புழுதி தின்றேன்,
பஸ்ஸே தின்றது.
என்னைவிட அதிகம் தின்ற டிரைவர் அங்குச்சாமி
கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றம் ஏறுகிறான்.
எங்கே ஏறினார் என்று தெரியாத ஆளுக்கு
முதல் ஸ்டேஜிலிருந்து டிக்கெட் கிழிப்போம்.
இதற்கு எங்கிருந்து கிழிக்க?

ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள்,
இரண்டு சிவப்புக் கூம்புகளுக்கு இடையில்.
நாலாவது நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன், பழக்கம்.

வீட்டில் ரூட் போட்டிருக்கிறேன்.
கட்டில் மாட்டுத்தாவணி, பீரோ உத்தங்குடி.
அடுப்படி நிலை ஒத்தக்கடை, அங்கே டீக்கு நிற்கும்.
குளியலறை நரசிங்கம்பட்டி.
மேலூர் என்பது தெருவாசல்.
வாரத்துக்கு இரண்டு நாள்தான் சர்வீஸ்.

மாத்திரை வடுவை அழிக்காதாம்.
பரவுவதைக் கொஞ்சம் லேட்டாக்குமாம்.
அஞ்சு நிமிஷம் லேட்டுக்கு மெமோ வாங்கினவன்
இப்போது லேட்டுக்குப் பணம் கட்டுகிறேன்,
மாசாமாசம், மருந்துக்கடையில்.
சோறு பிடிக்கவில்லை.
வெயில் படக்கூடாது என்கிறது அட்டை.
அச்சடித்தவன் மதுரைக்கு வந்ததில்லை போல.

ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் மெஷின்
டிப்போவில் அணைக்க மறந்த வண்டியாக உறுமுகிறது.
கரண்ட் போனால் பஞ்சவர்ணம்
இருட்டில் சிலிண்டர் சாவியைத் தேடுவாள்.
ஒருநாள் குழாயை மிதித்துவிட்டுக்
குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விசில் டிராயரில் கிடக்கிறது.
ஊதினேன். உள்ளே உருண்டை அசையவில்லை.
அதனால் காசு.
பழைய அஞ்சு ரூபாய், தடி நாணயம்,
கட்டில் கம்பியில் தட்டுவதற்கு.
ஒரு தட்டு: வா.
ரெண்டு தட்டு: ரைட், ஒண்ணுமில்ல, தூங்கு.

ஆடி மாதம் ஒரு ராத்திரி
எத்தனை தடவைதான் எந்திரிக்கிறது என்று கத்திவிட்டாள்.
விடியும்வரை நான் தட்டவில்லை.
காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்,
தட்டாட்டியும் தூக்கம் வரல.

நேற்று மூன்று மணி. ஒரு தட்டு.
வந்தாள். என்ன?
ஒண்ணுமில்ல, சீட் காலியா இருக்கு, உக்காரு.
ஜன்னலில் யானைமலை
விளக்கில்லாமல் படுத்துக் கிடந்தது.
விரல் கருவி எண்பத்தொன்பது என்றது.
அவள் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள்,
தொண்ணூற்றெட்டு.
மீதி ஒம்பது உங்கிட்ட நிக்குது,
டிக்கெட் பின்னால எழுதிக் குடு,
எறங்கும்போது வாங்கிக்கிறேன் என்றேன்.
பேசாமல் இருந்தாள்.
பிறகு காசை என் கையிலிருந்து எடுத்துக்
கம்பியில் தட்டினாள்,
ரெண்டு.