பதினான்கு வினாடி

முப்பந்தலில் ஆடிக் காற்று
நின்று பேச விடாது.
கோபுரத்தின் இரும்புக் கதவைச் சாத்தினால்தான்
சுகிர்தபாய் மேடம் சொல்வது கேட்கும்:
"ரீடிங் சொல்லுங்க தம்பி."

பத்தொன்பது வருசமாய்ச் சுற்றும் காற்றாலை.
இன்றைய வேகத்தில்
யூனிட் ஒன்றுக்குப் பதினான்கு வினாடி.
ஏழு கட்டமும் உருண்டு வந்து நின்றன:
96 99 690.

வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது,
மறுபடி அதே தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது,
வாலில் ஒரு சுழி.
மூன்றிலக்கம் தன்னோடு தானே ஒட்டி நின்றால்
ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
கேட்காமலே உள்ளே வந்துவிடும்.
சுழி இருக்கும் வீட்டில்
இரண்டும் ஐந்தும் எப்போதும் குடியிருக்கும்.
மிச்சம் அந்தத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது.
உடைத்தால் மூன்று, மேலே சுற்றும் இறக்கைகள் போல;
பிறகு பதினேழு, பத்தொன்பது.

முதல் எட்டுப் பகா எண்களும்
ஆளுக்கு ஒரே ஒரு முறை வந்து
இந்தத் தகரப் பெட்டிக்குள் கூடியிருக்கின்றன.
இதைவிடச் சின்ன எண் எதையும்
எட்டுப் பேரும் மீதியில்லாமல் வகுக்க முடியாது.
எங்கள் வீட்டுப் பதினொரு சென்ட்டை
நாலு பேருக்குப் பிரித்ததில்
மூணு சென்ட்டும் ஒரு கேசும் மீதி;
நாகர்கோவில் கோர்ட்டில் இன்னும் வாய்தா.

இருபத்துமூன்று மட்டும் வெளியே,
மீதிப் பதினைந்தைக் கையில் பிடித்துக்கொண்டு,
பஸ் நிற்காமல் போன ஆள் மாதிரி.

"தம்பி?"

தலைக்கு மேல் எங்கோ இரும்பு முனகியது.
கடைசிக் கட்டத்தில் சுழி மெல்லக் கவிழ
ஒன்று எட்டிப் பார்த்தது.

எட்டுப் பேரும் ஒரே மூச்சில் வெளியேறினார்கள்.
இனி அவர்களில் எவர் வந்து வகுத்தாலும்
ஒன்று மிஞ்சும்.
அதே ஒன்று.

"தொண்ணூற்றாறு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று."
எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.
முந்தையது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இரவு தோவாளையில் கரண்ட் இல்லை;
அதே காற்று கம்பியை அறுத்திருந்தது.
செல்போன் வெளிச்சத்தில்
பூக்கடை பில்லின் பின்பக்கம்
அந்த ஒன்று கூடியதை வகுக்க உட்கார்ந்தேன்.
பகா எண்ணாய் இருக்க வேண்டும் என்று ஏனோ ஆசை.
மூன்று அரியரோடு கணக்கை விட்டவனுக்கு
வேறென்ன வேண்டுதல்.

இருபத்துமூன்று. இல்லை.
இருபத்தொன்பது. இல்லை.
முப்பத்தொன்று, முப்பத்தேழு...
கட்டன் சாயா ஆறி, அதில் ஒரு ஈசல் விழுந்து,
பில்லில் இடம் தீர்ந்து
காலண்டர் தாளைக் கிழித்து,
அறுபத்தோராவது வகுத்தலில்
முந்நூற்று நாற்பத்தேழிடம்
சத்தமில்லாமல் பிளந்தது.
இன்னொரு துண்டு
இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று.
அதை உடைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

முன்பின் தெரியாத இரண்டு பேர்
ஒரு யூனிட் காற்றுக்காக
அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள்.

காலையில் போன்.
"தம்பி, கடைசி இலக்கம் ஒண்ணா, ஏழா?
உங்க எழுத்து ஒண்ணும் விளங்கல்ல."

அதற்குள் அங்கே
நாலாயிரம் யூனிட்டாவது கூடியிருக்கும்.

"ஒண்ணு மேடம்" என்றேன்.
"ஒண்ணேதான்."