பார்வை படாத இடத்தில் முதலில்

மேலூர் கிரானைட்காரர் ஒருவரிடம் தொடங்கி
இரண்டு கை மாறி எங்களிடம் வந்த கார்.
வெளியே சாம்பல்.
உள்ளே பால்கோவா நிறத்தில் தோல் சீட்.
"இந்த ஊர்ப் புழுதிக்கு இந்தக் கலரா?" என்றார் பெலிக்ஸ்.
கடன் என் பேரில். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நைட் டூட்டி முடிந்த ஞாயிறு.
ஆனையூரில் வெயில் ஏறுமுன்
வேம்பின் நிழலுக்குத் தள்ளி
நாலு கதவையும் திறந்துவைத்தேன்.
வெயிலில் துடைத்தால் தோல் விறைத்துப்போகும்.

இடுக்கில் கைவிட்டதில் கிடைத்தவை:
கடலைத் தொலி,
ஹேர்பின்,
மாட்டுத்தாவணி பார்க்கிங் சீட்டு,
பொடியாகி, இன்னும் மணக்கும் மரிக்கொழுந்து.

எதிர்மாடியிலிருந்து ஜமுனா பாய் குரல்கொடுத்தாள்.
"தேங்காயெண்ணெய் போடுங்க சிஸ்டர், பளபளன்னு ஆயிடும்."
ஆகும். அப்புறம் மஞ்சளிக்கும்.
அப்புறம் எறும்பு வரும்.
"ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?"
"உக்காந்தா தெரியாது."
சிரித்தாளா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெதுவெதுப்பாய்த் தண்ணீர்.
துணியைச் சொட்டில்லாமல் முறுக்கிப் பிழிந்து
நுரையை மட்டும் தொட்டு
சின்னச் சின்ன வட்டமாக.
பதினெட்டு வருடமாக இதே கைக்கணக்குதான்:
படுத்திருப்பவரை ஒருக்களித்துப் புரட்டி
தோள்பட்டை, இடுப்பெலும்பு, குதிகால்.
எங்கே பாரம் அழுத்துகிறதோ
அங்கேதான் தோல் முதலில் விட்டுக்கொடுக்கும்.
இங்கேயும் அப்படித்தான்.
டிரைவர் சீட்டின் வலது விளிம்பு
யாரோ கனத்த ஒருவர் இறங்கி இறங்கி
வரிவரியாய் வெடித்திருந்தது.
"வலிக்குதா?" என்றேன்.
பழக்கம்.

முதல் வாளியில் டீத்தண்ணி நிறம்.
இரண்டாவதிலும்.
ஜீன்ஸ் சாயம் பிறைபோல் படிந்திருந்தது,
பாதி வந்தது,
மீதி வர மறுத்தது.

பின்சீட்டில், இடது கதவோரம்
அழுக்கு விலக விலகத் தெரிந்தது
பேனா.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
எண்ணினேன். இருபத்து மூன்று.

என்னத்தை எண்ணியிருப்பார்கள்?
குவாரி லாரிகளையா,
டோல்கேட்டுகளையா,
ஏதோ ஒரு பிள்ளை
கொட்டாம்பட்டி தாண்டும்வரை
எதிரே வந்த சிவப்புக் கார்களையா?

எங்கள் வார்டுக்குக் கீழே, கதிர்வீச்சு அறை வாசலில்,
விரல்விட்டு எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
பெரும்பாலும் இருபத்தைந்து என்று எழுதிக்கொடுப்பார்கள்.

பிள்ளைக்கு அலுத்துப்போயிருக்கலாம்.
கார் விலைபோயிருக்கலாம்.
மை தீர்ந்திருக்கலாம்.

ஸ்பிரிட் பஞ்சு போதும், ஒரே இழுப்பு.
பேனாவை எடுக்கும், நிறத்தையும் சேர்த்து எடுக்கும்.
அதனால்தான், பார்வை படாத இடத்தில் முதலில்.
சீட்டுக்கு அடியில் ஒற்றிப் பார்த்தேன்.
பஞ்சில் பால்கோவா வந்தது.
மூடியைத் திருகி வைத்துவிட்டேன்.

பிறகு கண்டிஷனர்.
பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் சூடுகாட்டி, மெதுவாக.
வெடித்த விளிம்பு மளமளவென்று குடித்தது.
இன்னொரு பட்டாணி கொடுத்தேன்.
கோடுகளின் மேலும் தடவினேன்,
முன்னைவிடக் கறுப்பாய் எழுந்து நின்றன.

பெலிக்ஸ் காபியோடு வந்தார்.
"அட, புதுசு மாதிரி இருக்கே" என்று
இடப்பக்கம் ஏறப்போனார்.
"அங்க வேணாம்."
"ஈரமா?"
"ஆமா" என்றேன்.