கைக்கு வராதது

கட்டி இல்லை.
நானும் தடவிப் பார்த்தனான், நேர்ஸும் பார்த்தவா.
கைக்கு ஒன்றும் வரவில்லை.

"மூச்சை அடக்குங்கோ அக்கா, அசையாதேங்கோ"
என்றாள் மமோகிராம் எடுக்கிற பிள்ளை.
அசையாமல் நிற்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
முகமாலை மணலில், முழங்காலில்,
ஏழு வருசமாய் அதுக்குத்தான் சம்பளம்.

இரண்டு தட்டுக்கு நடுவில்
என்னுடையதை என்னுடையதில்லாத மாதிரி
நசித்து வைத்துவிட்டுக் கேட்டாள்:
"ஷெல் துண்டு ஏதும் உள்ளுக்கு இருக்கோ?"
யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில்
சீனி வருத்தம் இருக்கோ என்பது போல ஒரு கேள்வி.

இருக்கு.
இடப்பக்கம், கமக்கட்டுக்குக் கிட்ட.
மாத்தளனில் வாங்கினது.
எடுத்தால் நரம்பு போகும் என்று விட்டது.
படத்தில் அது உடைந்த பல்லுப் போலப் பளிச்சென்று நின்றது.
அதைப் பார்த்து நான் வேர்த்தேன்.

டொக்டர் கோகுலவாணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.
பேனை நுனியால்
வலப்பக்கப் படத்தில் ஒரு மூலையைத் தொட்டா.
உப்புத் தொட்ட கையை ஆரோ உதறிவிட்ட மாதிரி,
பொடிப் பொடியாய்.
எண்ணினேன். பதினொன்று.
ஒன்றைப்போல ஒன்று இல்லை.

"கல்சியம்."

கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படியுமே,
கொடிகாமத்துக் கிணறு,
அந்தத் தண்ணியாலோ என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை அவ.
"குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.
பாலையும் விடவேண்டாம்.
அநேகமானது ஒண்டும் செய்யாது.
சிதறிக் கிடந்தா நானும் விட்டிருப்பன்.
இது ஒரு இடத்தில கூடி நிக்குது.
ஊசியால எடுத்துப் பார்க்கவேணும்."

அநேகமானது.
எனக்கு இந்தச் சொல்லைத் தெரியும்.
டிடெக்டர் நூறு தரம் கத்தினால்
தொண்ணூறு தரத்துக்கு மேல்
சோடா மூடி, கூரை ஆணி, ரவைக் கோது,
ஒருக்கால் ஒரு சின்னக் கொலுசு,
அதைக் கழுவி மேசையில் வைத்தோம், ஒருவரும் தேடி வரவில்லை.
எண்டாலும் ஒவ்வொரு கத்தலுக்கும்
சிவப்புக் குச்சி நடவேணும்.
பக்கவாட்டில் இருந்து
விரற்கடை விரற்கடையாய்க் கிண்டவேணும்.
மூடியாய்த்தான் இருக்கும் என்று
கலைமதி ஒரேயொரு நாள் நினைத்தவள்.

"கிண்டுங்கோ" என்றேன்.
"என்ன?"
"எடுத்துப் பாருங்கோ எண்டனான்."
வியாழன், காலை எட்டு மணி.
முடிவு வர இரண்டு கிழமை.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது.
நாவற்குழிப் பாலம் தாண்டும் மட்டும்
இவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.
பிறகு யோசிக்கவில்லை, நித்திரையாய்ப் போனேன்.
வாயைத் திறந்து நித்திரை கொண்டிருப்பேன் போல,
பக்கத்து மனுசி தட்டி எழுப்பினா.

விடிய, வேலை தொடங்கமுன்
கருவி சரியோ என்று பார்க்கிற நேரம்,
ஒருவரும் பார்க்காத பக்கம் திரும்பி
அதை இடது கமக்கட்டுக்குப் பிடித்தேன்.
கத்தியது. பதினைந்து வருசத்து இரும்பு.
வலப்பக்கம் கொண்டுபோனேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் கிட்டப் பிடித்தேன்.
காற்றுத்தான்.

லீவுக் கடதாசியில் காரணம் என்ற இடத்தில்
சொந்த அலுவல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு
தலைக்கவசத்தை இறக்கினேன்.

அன்றைக்கு என் கீற்றில் நாலு சத்தம்.
மூன்று, ஆணி.
நாலாவதுக்குக் குச்சி நட்டிருக்கு.
வெயில் ஏறிவிட்டது,
நாளைக்குத்தான்.