எச்சம்

மஞ்சூருக்குக் கீழே, எட்டாம் நம்பர் காட்டில்,
தவமலரின் உடம்பில் முப்பத்தொன்பது வெள்ளி உருண்டைகள்.
கணுக்காலில், முழங்காலில், இடுப்பெலும்பின் இரு முனைகளில்.
"தேர் மாதிரி ஆக்கிட்டீங்க" என்றாள்.

முதுகில் இருபத்திரண்டு கிலோ கொழுந்து.
சரிவில் பதித்த விசைத்தட்டின் மேல்
ஏறினாள், இறங்கினாள், ஏறினாள்.
மூடுபனியில் கேமராக்கள் குருடானபோது
டீ குடித்தோம்.

இரவு குன்னூர் விடுதியில்
அவளைப் பதினாறு திண்மங்களாகப் பிரித்தேன்.
மூட்டுக்கு மூட்டு ஒரு சமன்பாடு.
பாதத்திலிருந்து ஏறிய கணக்கு
இடுப்பில் வந்து நின்றுவிட்டது:
யார் சுமப்பதென்று தெரியாமல்
முப்பது நியூட்டன்.

எச்சம் என்போம் இதை.
சிறிதென்றால் மன்னித்துவிடுவோம்.
தோலோடு உருண்டை நழுவியிருக்கலாம்,
தொடையின் நிறை பிசகியிருக்கலாம்.
இம்தியாஸ் வடிகட்டியை மாற்றிப் பார்த்தான்.
ஏறும்போதும் முப்பது, இறங்கும்போதும்.
சும்மா நிற்கும்போதும்.

காலையில் கேட்டேன்,
கூடையில் வேறேதும் இருந்ததா.
"மூணு கிலோவா?" என்றாள், திரையைப் பார்க்காமலே.
"ஈரத்துக்குக் கழிக்கிறது சார்.
இருபத்தஞ்சு போட்டா இருபத்திரண்டுன்னு எழுதுவாங்க.
வெயிலடிச்சாலும் ஈரந்தான்."

நிறையைத் திருத்தினேன்.
எச்சம் பூஜ்யத்துக்குப் பக்கமாய் இறங்கியது.
முழங்காலின் எண் மட்டும் ஏறிக்கொண்டது.

"அந்தத் தட்டு சரியா எடை காட்டுமா?"
காட்டும்.
"அப்ப சாயங்காலம்
எடைக்கொட்டாய்க்குத் தூக்கிட்டு வருவீங்களா?"

தட்டு நாற்பது கிலோ.
இம்தியாஸ் என்னைப் பார்த்தான்.
என் சட்டைப்பையில் அனுமதிக் கடிதம்,
தோட்ட மேனேஜர் கையெழுத்துடன்,
வெள்ளிக்கிழமை வரை.